பதினைந்து அடி ஓர் அங்குலம்

2-9-2024, திங்கள்

காலை ஐந்தரைக்கே கல்லூரிக்குப் போனேன். கூடைப்பந்து மைதானத்தைக் கூட்டினேன். வேப்பஞ்சருகு இரண்டு கூடை.

இந்த மூன்று வரியை எழுதக் கால் மணி நேரம் ஆனது. ஆனால் எழுதிவிட்டேன். அறுபத்தாறு வயதில் நான் எழுதியதை நானே படிக்கிறேன். மூன்று முறை படித்தேன். தப்பில்லை.

எங்கள் தெருவில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் கலைமதி டீச்சர்தான் இந்த டைரியைக் கொடுத்தாள். போன வருடத்து டைரி. "கிழமைய அடிச்சிட்டு நீங்களே எழுதுங்க பெரியப்பா, அதுவும் பயிற்சிதான்" என்றாள். அடிப்பதற்குக் கூட மனசு வரவில்லை. அச்சடித்த எழுத்தாயிற்றே.

வகுப்புக்குப் போகும் வரைக்கும் என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. யாராவது தாளை நீட்டினால், "கண்ணாடிய வீட்ல வெச்சிட்டு வந்துட்டேங்க" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. நாற்பது வருடம் அப்படியே ஓட்டினேன். குப்பம்மாளுக்கு மட்டும் தெரியும். கட்டிக்கொண்டவளிடம் எதை மறைப்பது.

5-9-2024, வியாழன்

ஆரோக்கியசெல்வியைப் பற்றி எழுத வேண்டும். பெயரே ஒரு வரி நீளம். நான் செல்வி என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாம் வருடம் படிக்கிறாள். அனந்தபுரத்துப் பெண். விடுதியில் தங்கியிருக்கிறாள். அம்மாவுக்கு மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கும் கூலி வேலை.

காலை ஆறு மணிக்கு வந்துவிடுவாள். மற்ற பெண்கள் ஏழு மணிக்கு வருவதற்குள் நூறு பந்து போட்டு முடிப்பாள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து. அதற்கு ஃப்ரீ த்ரோ என்று பெயர். எதிராளி தப்பாக மோதினால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மோதப்பட்டவள் கோட்டில் தனியாக நின்று போட வேண்டும். யாரும் குறுக்கே வரக்கூடாது. விழுந்தால் ஒரு பாயிண்ட். "இது சும்மா குடுக்கற பாயிண்ட் தாத்தா. இத வாங்கத் தெரியாதவதான் தோப்பா" என்பாள்.

அந்தக் கோடு நான் அடித்தது. மூன்று வருடம் ஆகியும் வெள்ளை மங்கவில்லை. நூல் பிடித்து அடித்தேன்.

6-9-2024, வெள்ளி

செல்வி போடும் பந்துக்கு இனி நான் ஒரு சின்ன நோட்டில் கணக்கு வைக்கிறேன். விழுந்தால் ஒரு கோடு. விழாவிட்டால் ஒரு புள்ளி. இன்று நூறில் 78 கோடு.

13-9-2024, வெள்ளி

செஞ்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று ஆட வந்தது. நம் பெண்கள் ஜெயித்தார்கள். வந்தவர்களுக்கு ஃப்ரீ த்ரோ ஒன்றுகூட விழவில்லை. போட்ட பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பலகையில் மோதித் திரும்பியது.

உடற்கல்வி இயக்குநர் தேவநாதன் சாருக்கு ஒரே சிரிப்பு. "நம்ம கிரவுண்டுக்கு வந்தா எல்லா டீமுக்கும் கை நடுங்குது விருத்தாசலம். மண்ணு ராசி" என்றார். நானும் சிரித்தேன். அந்த மண்ணைக் கூட்டுகிறவன் நான் அல்லவா.

24-9-2024, செவ்வாய்

83.

28-9-2024, சனி

குப்பம்மாள் கேட்டாள். "இன்னாயா, எப்பப் பாத்தாலும் எழுதிக்கினே இருக்க. என்னப் பத்தி எதுனா எழுதனியா?"

"எழுதனேன்."

"இன்னான்னு?"

"கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு."

"அத எழுதறதுக்கா ஆறு மாசம் படிச்ச?"

இப்போது உண்மையாகவே எழுதிவிட்டேன். அவளிடம் படித்தும் காட்டினேன். கரண்டியைக் காட்டினாள்.

18-10-2024, வெள்ளி

நாளை விழுப்புரத்தில் போட்டி. கல்லூரிகளுக்கிடையிலானது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்களாம். செல்விக்கு இதுதான் கடைசி வருடம். அந்த அணியில் பெயர் வந்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் சேரலாம். "பி.டி. டீச்சர் ஆயிடுவேன் தாத்தா, விசில் ஊதிக்கினே சுத்துவேன்" என்றாள்.

இன்று 86. இதுவரை இதுதான் அதிகம். தண்ணீர்க் கேனும் பந்து மூட்டையும் தூக்க என்னையும் வேனில் வரச் சொல்லியிருக்கிறார் சார்.

19-10-2024, சனி

தோற்றோம். ஒரு பாயிண்டில்.

20-10-2024, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று மெதுவாக எழுதுகிறேன்.

கடைசி அரை நிமிடம். நம் பெண்கள் 41. அவர்கள் 42. செல்வி பந்தோடு உள்ளே புகுந்தாள். ஒருத்தி கையில் அடித்துவிட்டாள். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. நான் கேன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். நூறில் எண்பத்தாறு போடுகிறவள், இரண்டு போட மாட்டாளா?

பந்தைத் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள். எப்போதும் அப்படித்தான். போட்டாள். வளையத்தின் முன் விளிம்பில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது. இரண்டாவதும் அதே விளிம்பு. அதே இடம்.

அவள் மட்டுமில்லை. நேற்று முழுக்க நம் பெண்களுக்குப் பதினான்கு ஃப்ரீ த்ரோ. விழுந்தது மூன்று. எல்லாம் முன் விளிம்பு. யாரோ பந்தை ஒரு சாண் முன்னாலேயே இழுத்துப் பிடித்த மாதிரி.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் வேனை நிறுத்தி டீ வாங்கினார்கள். செல்வி இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

21-10-2024, திங்கள்

சார் எல்லாப் பெண்களையும் வரிசையில் நிறுத்தித் திட்டினார். செல்வியைப் பார்த்து, "கோட்ல நின்னு ரெண்டு பந்து போட வக்கில்ல. பிராக்டிஸ் பண்றேன் பண்றேன்னு காலைல வந்து கத அடிச்சிக்கினு போறியா?" என்றார்.

என் பையில் நோட்டு இருந்தது. முப்பது நாள் கணக்கு. எழுந்து போய்க் காட்டினேன். சார் புரட்டிப் பார்த்தார்.

"யோவ், கோடு போட்டு வெச்சிக்கினு வந்து என்கிட்ட காட்டற. நீ படிக்க ஆரம்பிச்சதும் பேஜாரா போச்சி."

பெண்கள் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. நான் மைதானத்து ஓரத்தில் போய் நின்றேன். எழுதிவைத்தால் நம்புவார்கள் என்று நினைத்திருந்தேன்.

6-11-2024, புதன்

பல்கலைக்கழக அணிப் பட்டியல் வந்துவிட்டது. தகவல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நானே படித்தேன். முன்பெல்லாம் கூட்டம் பேசுவதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தேன். கீழிருந்து மேலே ஒரு முறை. ஆ-வில் தொடங்கும் பெயர் ஒன்றுகூட இல்லை.

7-11-2024, வியாழன்

ஆறு மணிக்குச் செல்வி வரவில்லை.

15-11-2024, வெள்ளி

இன்றும் வரவில்லை.

3-12-2024, செவ்வாய்

புயல் அடித்துப் போய்விட்டது. ஃபெஞ்சல் என்று பெயர். அந்த மூன்று புள்ளி எழுத்தை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கலைமதியிடம் கேட்டிருந்தேன். ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு இப்போது மறுபடியும் எழுதவேண்டி வந்துவிட்டது.

கிடங்கல் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்தது. முழங்கால் அளவு. அரிசி போனது. கேப்பை மூட்டை போனது. இந்த டைரியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். "பொண்டாட்டிய வுட்டுட்டு டைரியத் தூக்கிக்கினு வர்றான் பாரு" என்று குப்பம்மாள் ஊரெல்லாம் சொல்கிறாள்.

5-12-2024, வியாழன்

தகரப் பெட்டியைத் திறந்து நனைந்ததையெல்லாம் வெயிலில் காயவைத்தோம். ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, பழைய வேலைத் துணி. காக்கிச் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. ஓரம் பிசுபிசுத்துக் கிடந்தது. பிரித்தேன். பேனா எழுத்து. கரைந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

படித்தேன்.

அப்படியே இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"விருத்தாசலம், பழைய கோட்டின் மேல் அடிக்க வேண்டாம். புதுக் கம்பத்தில் பலகை ஒன்றேகால் அடி உள்ளே வந்திருக்கிறது. பலகைக்கு நேர் கீழே தூக்குக் குண்டு விட்டு, அங்கிருந்து 15 அடி 1 அங்குலம் அளந்து புதுக் கோடு அடிக்கவும். இரண்டு பக்கமும். தேவநாதன்."

குப்பம்மாள் "இன்னாயா எழுதிருக்கு?" என்றாள். "ஒன்னுமில்ல" என்றேன்.

பழைய கோட்டின் மேல்தான் அடித்தேன். நூல் பிடித்து.

6-12-2024, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுதவில்லை. நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்று வருடம் முன்பு கோடை விடுமுறை. பழைய கம்பம் துருப்பிடித்து விழுகிற மாதிரி இருந்ததால் புதுக் கம்பம் நட்டார்கள். சார் ஏதோ முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெயிண்ட் டப்பாவையும் இந்தத் தாளையும் கொடுத்தார். "இதுல எழுதிருக்கேன், அப்படியே அடிச்சிடு. படிப்பீல்ல?" என்றார். "கண்ணாடி வீட்ல இருக்குங்க சார். போய்ப் பாத்துக்கறேன்" என்றேன். சட்டைப் பையில் வைத்தேன்.

யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் ஆள் இருந்தார்கள். கேட்டால் தெரிந்துபோகுமே. பழைய கோடு மங்கலாக இருந்தது. கோடு என்றால் இருக்கிற இடத்தில்தானே இருக்கும் என்று அதன் மேலேயே அடித்தேன்.

ஐந்து நிமிட வெட்கம். அதற்காக.

7-12-2024, சனி

கல்லூரி இன்னும் திறக்கவில்லை. கொத்தனார் ஒருவரிடம் டேப்பும் குண்டும் வாங்கிக்கொண்டு போனேன். ஏணி வைத்துப் பலகையில் நூலைக் கட்டிக் குண்டு விட்டேன். அளந்தேன். எண் எனக்கு நன்றாகப் படிக்க வரும்.

13 அடி 10 அங்குலம்.

அந்தப் பக்கமும் அதேதான்.

கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈரம். செஞ்சிப் பக்கத்துப் பெண்கள் போட்ட பந்து ஏன் தாண்டிப் போனது என்று இப்போது தெரிகிறது. மண்ணு ராசியாம். நம் பெண்கள் போட்டது விழுப்புரத்தில் ஏன் விளிம்பில் பட்டது என்றும் தெரிகிறது. ஒன்றேகால் அடி. செல்வி ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்றார்கள். ஒழுங்காகச் செய்ததுதான் தப்பாகிவிட்டது. தினம் நூறு பந்து போட்டு அந்தக் கையைத் தப்பான தூரத்துக்குப் பழக்கினாள். வராமல் தூங்கியிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

எழுத்துப் படித்தது இதைத் தெரிந்துகொள்ளத்தானா?

10-12-2024, செவ்வாய்

சாரிடம் தாளைக் காட்டினேன். பார்த்தார். முகம் மாறியது. கதவைச் சாத்தினார்.

"உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஏன்யா சொல்லல?"

"வெக்கமா இருந்துதுங்க சார்."

"மூணு வருஷம். மூணு வருஷமா நானும் அந்தக் கோட்ல வெச்சித்தான் டீம் எடுத்தேன். ஒரு நாள் டேப் வெச்சிப் பாக்கல." தாளை மடித்து என்னிடமே நீட்டினார். பிறகு, "சரி, வெளிய சொல்லாத. லீவுல சத்தமில்லாம மாத்தி அடிச்சிடு" என்றார்.

"செல்வி பேர் லிஸ்ட்ல வரலைங்களே சார். பெரிய எடத்துல சொல்லிப் பாக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? எங்க கிரவுண்டுல கோடு தப்பு, அதனால எங்க பொண்ணு நல்லா ஆடுவான்னா? சிரிப்பானுங்க."

அதுவும் உண்மைதான்.

12-12-2024, வியாழன்

விடுதி வாசலில் நின்று செல்வியைக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டேன். தாளையும் காட்டினேன். படித்தாள். என்னை மாதிரி விரல் வைத்து இல்லை. ஒரே பார்வை.

"இத அப்பவே யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லிருக்கலாமே தாத்தா."

"சொல்லிருக்கலாம்."

"நான் எங்கம்மாகிட்ட எனக்கு ஆடத் தெரிலம்மா, மனசுல பயம்மான்னு சொல்லிட்டேன். எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்."

மன்னிச்சிடும்மான்னு சொல்ல வாய் வந்துது, சொன்னா அவ சரின்னு சொல்லணும்ல, அந்தச் சொமயயும் அவ தலையில வெக்கறதா.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

16-12-2024, திங்கள்

கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு நாள் ஆனது. என் வாழ்க்கையில் முதல் கடிதம். கலைமதியிடம் காட்டவில்லை. என் தப்பு. எழுத்துப் பிழையும் என்னுடையதாகவே இருக்கட்டும். கோடு தப்பு, அடித்தவன் நான், அந்தப் பெண் தப்பு செய்யவில்லை, அவளுக்கு ஏதாவது செய்யுங்கள் ஐயா. அவ்வளவுதான். ஒன்பது வரி.

18-12-2024, புதன்

முதல்வர் கூப்பிட்டார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"நம்ம விருத்தாசலம். அறுபத்தாறு வயசுல எழுதக் கத்துக்கிட்டு எனக்கே லெட்டர் எழுதிருக்கார் பாருங்க. கையெழுத்து எவ்வளவு அழகு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சால்வை போட்டார்கள். கடிதத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள்.

"ஐயா, அதுல எழுதனது" என்றேன்.

"படிச்சேன் படிச்சேன். பாத்துக்கலாம்" என்றார்.

மாலையில் போட்டோ எல்லார் செல்போனுக்கும் வந்துவிட்டது. கலைமதி எனக்குக் காட்டினாள். அவளுக்குப் பெருமை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் பிடித்திருக்கிற கடிதத்தில் எழுத்துத் தெரிகிறது. 'தப்பு' என்ற சொல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. யாரும் படிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த அத்தனை பேர்.

27-12-2024, வெள்ளி

பழைய கோட்டைச் சுரண்டி எடுத்தேன். லேசில் வரவில்லை. நல்ல பெயிண்ட். குண்டு விட்டு அளந்து, 15 அடி 1 அங்குலம், புதுக் கோடு அடித்தேன். மூன்று முறை அளந்தேன். இரண்டு பக்கமும்.

20-1-2025, திங்கள்

பொங்கல் முடிந்து போனால் என்னை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். "உனக்குத்தான் எழுத வருதே. வர்றவங்க போறவங்க பேரு எழுது. வெயில்ல கூட்டறதுக்கு வேற ஆளப் போட்டுக்கறோம்" என்றார் சார். நல்லது செய்கிற மாதிரிதான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பெரிய நோட்டு. பெயர், நேரம், காரணம், கையெழுத்து. வாசலிலிருந்து மைதானம் தெரியாது. நடுவில் நூலகக் கட்டடம்.

3-2-2025, திங்கள்

காலை ஆறு மணிக்குச் சத்தம் கேட்டது. பந்து தரையில் மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். பிறகு டங் என்று வளையம். திரும்ப மூன்று தட்டு.

மூன்று தட்டுத் தட்டிப் போடுகிறவள் ஒருத்திதான்.

ஆட இனி அவளுக்குப் போட்டி எதுவும் இல்லை. இந்த வருடத்து ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது. எதற்குப் போடுகிறாள்?

எண்ணினேன். டங் என்றால் புள்ளி. சத்தம் இல்லாவிட்டால் கோடு. நூறில் 31.

4-2-2025, செவ்வாய்

34.

19-2-2025, புதன்

47. தினம் அவள் என்னைக் கடந்துதான் கடைத்தெருவுக்குப் போகிறாள். நோட்டில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். என்னிடம் பேசுவதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

14-3-2025, வெள்ளி

66. என் வயசு.

2-4-2025, புதன்

குப்பம்மாள் கேட்டாள், "வாசல்ல உக்காந்துக்கினு காத மட்டும் அந்தப் பக்கம் வெச்சிக்கினு இருக்கியாமே. எல்லாரும் சொல்றாங்க."

"பந்து எண்றேன்."

"எண்ணி?"

நோட்டைப் பிரித்து இன்றைய கோடுகளைக் காட்டினேன்.

24-4-2025, வியாழன்

தேர்வு முடிந்தது. விடுதியைக் காலி செய்கிறார்கள்.

இன்றும் காலையில் நூறு போட்டாள். பிறகு பத்தரைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அம்மாவும் வந்திருந்தார். செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனியில் வேலையாம், திங்கட்கிழமை சேர வேண்டுமாம். அம்மாதான் சொன்னார். விசில் ஊதுகிற வேலை இல்லை.

நோட்டை அவள் பக்கம் திருப்பினேன். பெயர் எழுதினாள். நேரம் எழுதினாள். காரணம் என்கிற இடத்தில் பேனாவை வைத்தபடி நின்றாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"இன்னிக்கு எவ்ளோ தாத்தா?"

நான்கு மாதம் கழித்து என்னிடம் பேசுகிறாள். எண்ணுகிறேன் என்று யார் சொன்னார்களோ.

"எம்பத்தி மூணு" என்றேன்.

"எம்பத்தி நாலு. கடைசி பந்து ரிங்ல பட்டுத்தான் உள்ள போச்சி. இங்கருந்து உனக்குத் தெரியாது."

காரணத்தில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவின் பையையும் வாங்கிக்கொண்டு போனாள். பேருந்து வந்துவிட்டது.

83 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 84 என்று எழுதினேன். பெரிய நோட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. நான் எதையும் எழுதவில்லை.